சுண்டுவிரலுக்கு ஏற்ற புத்தகம் எது?

வாசகர் கேள்வி–பதில்: இசைப் பக்கம்

இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் கிளாரினெட்தான் அதிகம். ஸ்கேல் (சுர வரிசை) புத்தகம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். ரீட், மவுத்பீஸ் கேள்விகள் அடுத்த இதழில்.

என் மகள் படிவம் 2. பள்ளி பேண்டில் ஓராண்டாகக் கிளாரினெட் வாசிக்கிறாள். ஸ்கேல் புத்தகம் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். ஈப்போ கடையில் மெலிசாக ஒன்றும் தடியாக ஒன்றும் காட்டினார்கள். தடியானதை வாங்கிவிட்டால் பல வருடம் உழைக்கும்தானே?
– தாயார் ஒருவர், சுங்கை சிப்புட்

உழைக்கும் அம்மா, பெட்டிக்குள்ளேயே இருந்து உழைக்கும். படிவம் 2 பிள்ளைக்கு ஏழு ஷார்ப் போட்ட பக்கத்தைக் காட்டினால் புத்தகத்தை மூடிவிடுவாள்.

கடைக்குப் போகுமுன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: "பிரேக்கைத் தாண்டிவிட்டாயா?" நடு ஏ சுரத்துக்கு இடது ஆள்காட்டி விரல் ஒன்று போதும். அடுத்த பி சுரத்துக்கு இடது கட்டைவிரல் துளையையும், மேல் சுரங்களுக்கு ஏற்றும் ரெஜிஸ்டர் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு கையிலும் மும்மூன்று விரல் துளைகளை மூட வேண்டும், ஒரு சுண்டுவிரல் கீயை அழுத்த வேண்டும். ஒரு விரலில் நின்றவள் ஒரே நொடியில் எட்டு விரலுக்குப் போகிறாள். இதைத்தான் பிரேக் என்கிறார்கள். அங்கே இன்னும் கீச்சிடுகிறது என்றால் தனி ஸ்கேல் புத்தகம் இப்போது வேண்டாம். கீழ் எஃப்பிலிருந்து ஓர் எட்டு சுரம், கீழ் ஜியிலிருந்து ஓர் எட்டு சுரம்: இரண்டுமே பிரேக்குக்குக் கீழே முடிந்துவிடும். பேண்ட் பாடப்புத்தகமே அதற்குப் போதும்.

தாண்டிவிட்டாள் என்றால் மெலிசானதை வாங்குங்கள். எந்த ஸ்கேலில் தொடங்குவது என்பதை பேண்டே முடிவு செய்துவிடுகிறது. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் பியானோவின் பி ஃப்ளாட் கேட்கும். ஆசிரியர் "பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட்" என்று குழு முழுவதற்கும் சொன்னால் உங்கள் மகளின் தாளில் அவை சி, எஃப், ஜி, பி ஃப்ளாட். இந்த நான்கும் இரண்டு ஸ்தாயியில் சுத்தமாக வந்த பிறகு டி, இ ஃப்ளாட் போகலாம். தனி ஸ்கேல் புத்தகம் இல்லாமல் எல்லாம் ஒன்றாக வேண்டுமென்றால் ரூபாங்க் பாடப்புத்தக வரிசை நல்லது. அதன் அட்வான்ஸ்ட் பாகங்களில் ஸ்கேல், அர்பெஜியோ (சுரங்களை இடைவிட்டுத் தாவி வாசிப்பது), விரல் பயிற்சி, நாக்குப் பயிற்சி எல்லாம் பிரித்துப் பிரித்து வரும்.

கடையில் பணம் கட்டுமுன் இரண்டு சோதனை. அட்டையில் கிளாரினெட் என்று மட்டும் இருக்க வேண்டும். புல்லாங்குழலுக்கும் சாக்ஸபோனுக்கும் சேர்த்துப் போட்ட புத்தகங்களில் கிளாரினெட்டின் அடித்தளமே இருக்காது, ஏனென்றால் அந்தக் கருவிகளுக்கு நம் கீழ் இ வரை எழுதுவதில்லை. அடுத்து ஏ ஃப்ளாட் மேஜர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட் சுரங்களின் அருகே இடது, வலது என்று ஏதாவது குறி இருக்கிறதா? இருந்தால் கிளாரினெட் தெரிந்தவர் தொகுத்த புத்தகம். ஏன் என்பதற்கு மூன்றாம் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கிரேட் 5 தேர்வு எழுதப்போகிறேன். தேர்வு வாரியத்தின் ஸ்கேல் புத்தகமே போதும் என்கிறார் ஒருவர், பேர்மான் எழுதிய பழைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– படிவம் 4 மாணவர்

முதலில் எந்தத் தேர்வு என்று பாருங்கள் தம்பி. பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வு வாரியம் 2020 முதல் நடத்தும் பெர்ஃபாமன்ஸ் கிரேடில் ஸ்கேலே கிடையாது. பழைய பிராக்டிக்கல் கிரேடில் 150 மதிப்பெண்ணில் ஸ்கேலுக்கு 21, அதில் தேர்ச்சிக்கு 14. எழுதப்போவது பிராக்டிக்கல் என்றால் வாரியத்தின் புத்தகம் கட்டாயம். மூத்தவர்களிடமிருந்து பழைய புத்தகம் வாங்கினால் அட்டையில் '2018 முதல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முந்தியதில் பட்டியல் வேறு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆனால் அந்தப் புத்தகம் ஒரு பட்டியல்தான், பயிற்சி அல்ல. எதைக் கேட்பார்கள் என்று சொல்லும், எப்படி வரவழைப்பது என்று சொல்லாது. தேர்வில் மனப்பாடமாக வாசிக்க வேண்டும், கேட்கும் வரிசை உங்கள் கையில் இல்லை. ஸ்கேல் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். 'இழைத்து', 'நாக்குத் தட்டி' என்று இரண்டு சீட்டு தனியாக. இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, வந்ததை ஒரே தடவையில் வாசியுங்கள். தவறினால் அந்தச் சீட்டு கட்டின் நடுவே போகட்டும், அடியில் போக வேண்டாம். சீக்கிரம் திரும்பி வரும். பேர்மானைத் தேர்வுக்குப் பிறகு பார்க்கலாம். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

ஏ ஃப்ளாட், இ மேஜர் இரண்டிலும் எப்போதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். மெதுவாக வாசித்தால் வருகிறது, வேகம் கூட்டினால் இடையில் ஒரு குறுஞ்சத்தம் விழுகிறது. வேறு புத்தகம் உதவுமா?
– பேண்ட் வாசிப்பவர், தோட்டத்திலிருந்து

மூன்று புத்தகம் வாங்கினாலும் அதே சத்தம்தான். உங்கள் சுண்டுவிரல் ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குகிறது. மெதுவாக வாசிக்கும்போது சறுக்கல் காதுக்குத் தெரிவதில்லை.

கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண 17 கீ கிளாரினெட்டில் இடது சுண்டுவிரலுக்கு மூன்று கீ: இ/பி (ரெஜிஸ்டர் கீ இல்லாமல் இ, சேர்த்தால் பி), எஃப்/சி, எஃப் ஷார்ப்/சி ஷார்ப். வலது சுண்டுவிரலுக்கு அதே மூன்றும் உண்டு, கூடவே நான்காவதாக ஏ ஃப்ளாட்/இ ஃப்ளாட். இந்த நான்காவது இடதில் இல்லை. சில விலையுயர்ந்த மாடல்களில் இடதிலும் வைத்திருக்கிறார்கள், பள்ளி கிளாரினெட்டில் இருக்காது. சிக்கல் முழுவதும் இந்த ஒரு கீயால் வருவது.

ஆகவே விரலைப் பின்னாலிருந்து முன்னால் எண்ண வேண்டும். ஸ்கேலில் இ ஃப்ளாட் (அல்லது அதே சுரமான டி ஷார்ப்) எங்கே என்று தேடுங்கள். அது வலது, வேறு வழியில்லை. அதற்கு முன்னால் ஒட்டி வரும் சுண்டுவிரல் சுரம் இடது. அதற்கும் முன்னது வலது. ஏ ஃப்ளாட் மேஜரில் சி வலது, டி ஃப்ளாட் இடது, இ ஃப்ளாட் வலது. இ மேஜரில் பி வலது, சி ஷார்ப் இடது, டி ஷார்ப் வலது. அடியில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் வரும்போதும் அதே வலது–இடது–வலது. சி மைனர் அர்பெஜியோவில் சியிலிருந்து நேரே இ ஃப்ளாட்டுக்குத் தாவுவதால் சி இடது. எஃப் மைனர் அர்பெஜியோவின் அடியில் எஃப் இடது, ஏ ஃப்ளாட் வலது.

இ ஃப்ளாட் மேஜரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? சிக்கும் இ ஃப்ளாட்டுக்கும் நடுவே டி வருகிறது. டி சுரத்துக்குச் சுண்டுவிரலே வேண்டாம், விரல் மூச்சு வாங்கிக்கொள்கிறது. அதனால் அங்கே சி எந்தப் பக்கம் என்றாலும் சரி. டி மேஜரிலும் பி, சி ஷார்ப் இரண்டும் மாறி மாறி வந்தால் போதும். இடது–வலதா, வலது–இடதா என்று ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். பல புத்தகங்கள் இரண்டையும் குறிக்கும். இரண்டையும் பழகுகிறேன் என்று போனால் மேடையில் கை யோசிக்கும்.

பயிற்சிக்கு முழு ஸ்கேலும் வேண்டாம். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரமாக சி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட் மூன்றை மட்டும் பத்துத் தடவை, பிறகு இறக்கமாகப் பத்துத் தடவை. இடையில் சத்தம் விழுந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து. அது சுத்தமானதும் முன்னே பி ஃப்ளாட், பின்னே எஃப் சேர்த்து ஐந்து சுரமாக்குங்கள். பென்சில் குறி முடிவெடுக்க வேண்டிய சுரத்துக்கு மட்டும். எல்லாச் சுரத்துக்கும் இடது, வலது என்று எழுதினால் கண் எதையும் பார்க்காது.

சறுக்கியே ஆக வேண்டிய இடமும் உண்டு. பழைய கைகள் சுண்டுவிரலை மூக்கோரம் ஒரு தடவை தடவிக்கொள்வார்கள். அந்த எண்ணெய்ப் பசை போதும், கீ வழுக்கும். அருவருப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இடது கீயில் பி அடைத்துக்கொண்டு வருகிறது, வலது சி கீயையும் சேர்த்து அழுத்தினால் உடனே ஒலிக்கிறது என்றால் குற்றம் விரலில் இல்லை. அடியில் துளை மூடும் இரண்டு பேடையும் ஒன்றாக மூட வேண்டிய நெம்பு வளைந்திருக்கிறது. மாணவர்கள் கீழ்ப்பகுதியை முறுக்கிப் பூட்டும்போது அந்தக் கீகளையே பிடித்து அழுத்துவதால் வருவது. பழுது பார்ப்பவருக்குச் சில நிமிட வேலை. நீங்களே இடுக்கி போட வேண்டாம்.

இசைத்துறையில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். கிரேட் 8 முடிந்தது. இனி எந்த ஸ்கேல் புத்தகம்? பழைய ஜெர்மன் பதிப்பு ஒன்று இணையத்தில் கிடைத்தது, விரல் எண்கள் ஒன்றும் புரியவில்லை.
– வாசகி, 19 வயது

கார்ல் பேர்மான், ஓபஸ் 63, மூன்றாம் பாகம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான். பேர்மான் (1810–1885) கிளாரினெட் குடும்பத்துப் பிள்ளை. 1811இல் இசையமைப்பாளர் வேபர் தம் இரண்டு கிளாரினெட் கான்சர்ட்டோக்களையும் எழுதியது இவருடைய அப்பா ஹைன்ரிஹ் பேர்மானுக்காக. மகன் எழுதிய முறைநூல் ஐந்து பாகம், ஓபஸ் 63, 64 என்று பிரிந்திருக்கும். அதில் மூன்றாவதுதான் தினப் பயிற்சி: ஸ்கேல், அர்பெஜியோ, திரும்பி வரும் ஸ்கேல், மூன்றாமிடத் தாவல், ஆறாமிடத் தாவல், எட்டாமிடத் தாவல், எல்லாம் எல்லா மேஜர் மைனரிலும். தனியாகவே விற்கிறார்கள், ஐந்தையும் வாங்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த விரல் எண்கள் உங்களுக்கு உரியவை அல்ல. பேர்மான் தாமே கருவி செய்பவரான ஓட்டன்ஸ்டைனருடன் சேர்ந்து 18 கீ வைத்து அமைத்த கிளாரினெட்டுக்காக எழுதினார். நம் கையில் இருப்பது கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் புஃபேயும் சேர்ந்து உருவாக்கி 1844இல் காப்புரிமை பெற்ற போம் கீ முறை. சுரம் ஒன்றே, விரல் வேறு. லாங்கேனுஸ் போன்ற போம் கைகள் திருத்திய பதிப்பை வாங்குங்கள். ஜெர்மன் பிரதியை வைத்துக்கொள்வதென்றால் எண்களை அழித்துவிட்டு மேலே சொன்ன சுண்டுவிரல் விதியைக் கொண்டு நீங்களே குறியுங்கள். அதுவும் ஒரு நல்ல பாடம்தான்.

முழுப் புத்தகத்தையும் தினம் வாசிக்க முயல்வதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டாம் வாரமே உதடு களைத்து, புத்தகம் மூலைக்குப் போய்விடும். முதல் சுற்றில் ஒரு ஸ்கேலை எடுத்து, அதன் எல்லாப் பயிற்சிகளையும் மூன்று நாள் வாசியுங்கள். 24 ஸ்கேலும் ஒரு சுற்று வர 72 நாள். இரண்டாம் சுற்றில் திருப்பிப் போடுங்கள்: மூன்றாமிடத் தாவல் மட்டும், எல்லா ஸ்கேலிலும். அரைத்தட்டு சுரமாக 60இல் தொடங்கி, மூன்று தடவை தொடர்ந்து பிழையின்றி வந்தால் நான்கு கூட்டுங்கள். இரண்டு ஸ்தாயி ஏறி இறங்க 29 சுரம், 60இல் அது ஏறக்குறைய 15 வினாடிதான். அவ்வளவு குறைந்த நேரத்துக்குச் சோம்பல் வேண்டாம்.

மூன்றாமிடத் தாவலை வற்புறுத்தக் காரணம் உண்டு. நேர் ஸ்கேலில் பிரேக்கை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவைதான் தாண்டுகிறீர்கள். தாவலில் ஜி–பி, ஏ–சி என்று அடுத்தடுத்து வரும், நடுவே பியிலிருந்து ஏவுக்கு இறங்கவும் வேண்டும். கை தயாராக இல்லாவிட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். அங்கே ஜி, ஏ வாசிக்கும்போதே வலது கையின் மூன்று விரலையும் சுண்டுவிரலையும் மூடியே வைத்திருங்கள். இந்தத் தொண்டைச் சுரங்களின் (பிரேக்குக்குச் சற்றுக் கீழே உள்ளவை) சுருதி அதனால் கெடாது, சத்தம் சற்றுக் கனம் பெறும், மேலே போக இடது கை மட்டும் அசைந்தால் போதும். ஏ கீயை இடது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் உருட்டித் தொடுங்கள். விரலைத் தூக்கிப் போட்டால் துளை திறந்து கீச்சிடும்.

இ, எஃப், ஜி ஸ்கேல்களை மூன்று ஸ்தாயிக்கு நீட்டும்போது மேல் டியிலிருந்து வலது சுண்டுவிரலின் இ ஃப்ளாட் கீயைச் சேர்த்துப் பிடிப்பது வழக்கம், இல்லாவிட்டால் சுருதி தாழும். அதற்கு மேலே விரல் மாற்றுகள் கருவிக்குக் கருவி மாறும். புத்தகத்தை நம்பாமல் ட்யூனரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

குரோப்ஷின் 416 தினப் பயிற்சிகள் நான்கு பாகமாகக் கிடைக்கின்றன. சிறு துண்டுகளாக, ஒரே விரல் சிக்கலைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும். பேர்மானில் ஓர் இடம் மட்டும் பிடிவாதமாக வரவில்லை என்றால் எடுங்கள், அதற்கு முன் தேவையில்லை.

கோயில், திருமண மேளத்தில் கிளாரினெட் வாசிக்கிறேன். கர்நாடக முறையில் கற்றவன். மேல்நாட்டு ஸ்கேல் புத்தகத்தால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?
– கலைஞர் ஒருவர், பேராக்

விரலுக்கு உண்டு, ராகத்துக்கு இல்லை. மேஜர் ஸ்கேல் தீரசங்கராபரணம். நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி, மெலோடிக் மைனரின் ஆரோகணம் கௌரிமனோகரி. சுரங்கள் ஒத்துப்போகும், கமகம் எதுவும் அந்தத் தாளில் கிடையாது. ஸ்கேலாக வாசித்துப் பழகிய கீரவாணியை அப்படியே கச்சேரிக்குக் கொண்டுபோனால் கேட்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

உங்களுக்கு உண்மையில் உதவுவது எந்தக் கட்டைக்கு (சுருதிக்கு) எந்தப் பக்கம் என்ற கணக்கு. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் எழுதிய சுரம் ஒலிப்பதைவிட ஒரு முழுச் சுரம் மேலே. 1 கட்டை வேண்டுமென்றால் டி ஸ்கேல், 2 கட்டைக்கு இ, 2½ கட்டைக்கு எஃப், பாடகிக்காக 5½ என்றால் பி ஃப்ளாட். நாகஸ்வரத்தோடு சேரும் 2, 2½ கட்டைகளுக்கு இ, எஃப் இரண்டு பக்கத்தையும் தேய்த்துவிடுங்கள்.

மாயாமாளவகௌளை அந்தப் புத்தகங்களில் வராது. 2 கட்டையில் அதை எழுதினால் இ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். அடியில் ச–ரி–க வலது–இடது–வலது. நடு ஸ்தாயியில் பிரேக்குக்கு மேலே ப–த–நி அதே வலது–இடது–வலது. சரளி வரிசை இரண்டாம் காலத்தில் தட்டுகிறது என்றால் இந்த இரண்டு இடத்தைத்தான் முதலில் பாருங்கள்.

ஷிஃப்ட் வேலை. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. ஸ்கேல் புத்தகம் வாங்குவதில் அர்த்தம் உண்டா?
– தொழிற்சாலை ஊழியர்

உண்டு. கிளாரினெட்டில் தேர்ந்த கையாக இருந்தால் ஜான்ஜானின் 'வாடே மேக்கும்' என்ற புத்தகத்தைப் பாருங்கள். உதட்டையும் விரலையும் சீக்கிரம் இளக்குவதற்கென்றே எழுதிய ஆறு பயிற்சிகள், 1927இல் வந்தது. நடுத்தர நிலை என்றால் அது கடினம். நாளுக்கு இரண்டு ஸ்கேல் போதும், ஆறு நாளில் பன்னிரண்டு மேஜரும் முடியும். நீண்ட சுரம் நான்கு நிமிடம், ஸ்கேல் எட்டு நிமிடம், மீதியில் குழலைத் துடைத்து வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் துடைக்காமல் மூடினால் சி ஷார்ப்/ஜி ஷார்ப் கீயின் பேட்தான் முதலில் ஒட்டும். மறுநாள் கால் மணியில் ஐந்து நிமிடம் அதற்கே போகும்.

புத்தகம் அனுப்பி வாங்க ஆகும் செலவு அதிகம். பேர்மானை இணையத்தில் இறக்கி அச்சிடலாமா? சட்டப்படி தவறா?
– மாணவர்

மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டுக்குப் பிறகு காப்புரிமை முடிகிறது. பேர்மான் 1885இல் இறந்தவர், அவருடைய மூலநூலை அச்சிடத் தடையில்லை. இன்றைய ஆசிரியர்கள் திருத்திய பதிப்பும் தேர்வு வாரியப் புத்தகங்களும் அப்படியல்ல, அவற்றை நகலெடுக்க வேண்டாம்.

அச்சிடும்போது ஒரு கணக்கு. அமெரிக்கப் பதிப்புகள் பெரும்பாலும் 9க்கு 12 அங்குலத் தாள். ஏ4 அதைவிடச் சிறியது, பக்கம் முழுவதும் விழ 92 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும். அந்த அளவில் மூன்றாமிடத் தாவல் பக்கங்களின் சுரக்கோடுகள் நெருங்கி, ஷார்ப்பும் நேச்சுரலும் ஒன்றுபோலத் தெரியும். ஏ3 தாளில் பெரிதாக்கி எடுங்கள். 100 கிராம் தாள், ஒரு பக்கம் மட்டும். 80 கிராம் தாளில் பின்பக்கத்து மை தெரியும், சீலிங் ஃபேனுக்கும் படபடக்கும். நோட்டுத் தாங்கியில் துணி கிளிப் இரண்டு, மேல் மூலைகளில்.